கணக்குக்குப் பந்தோபஸ்து

சின்னக்கருப்பன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். தெரியாது என்று சொல்லிவிட்டு நான் நடையைக் கட்டியிருந்தால் இரண்டு போலீஸ் ஸ்டேஷன்களும் ஒரு தாலுகா ஆபீசும் தண்ணீர் பீய்ச்சும் வண்டி ஒன்றும் டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி வேறு ஏதாவது உருப்படியான வேலையைப் பார்த்திருக்கும்.

நான் மம்சாபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். பெயர் மாரிச்செல்வி. சின்னக்கருப்பனின் மகள் முனீஸ்வரி என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைகள் வருடத்துக்கு ஒன்றிரண்டு வரும், அது பெரிய விஷயமில்லை. இவள் கணக்கைப் போட்டு முடித்து, விடையும் சரியாக வந்த பிறகு, "டீச்சர், இது ஏன் இப்படி வருது?" என்று கேட்பாள். என் சர்வீஸில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரிகள்கூடக் கேட்டதில்லை. அவளுக்குக் கல்லூரியில் கணிதம் படிக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அவள் அப்பாவைத் தேடிப் போனேன்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் பொறுமையாகக் கேட்டார்.

"படிக்கட்டும் டீச்சரம்மா, நான் வேண்டாங்கல. நர்சுக்குப் படிச்சா ஊசி போடுவா. வக்கீலுக்குப் படிச்சா வழக்குப் பேசுவா. கணக்குப் படிச்சுப் பெரிய ஆளா ஆனவுக ஒருத்தர இந்த ஊரு மதிச்சிருக்கா? ஒரே ஒரு ஆளக் காட்டுங்க. காட்டிட்டீகன்னா தோப்ப ஒத்திக்கு வச்சாவது படிக்க வைக்கேன். இல்லேன்னா தையில பரிசம் போட்டுருதேன். தளவாய்புரத்துல மாப்பிள்ளை ரெடியா இருக்கான்."

நான் ராமானுஜன் பெயரைச் சொன்னேன். ஈரோட்டில் பிறந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்தவர், சீமைக்குப் போய்ப் பெரிய பெரிய பேராசிரியர்களை வாயடைக்க வைத்தவர், அவர் பிறந்த நாளை அரசாங்கமே தேசிய கணித நாளாக அறிவித்திருக்கிறது என்றெல்லாம் சொன்னேன்.

"அறிவிச்சிருக்கட்டும். எங்க கொண்டாடுதாக? நான் ஒரு கொடி தோரணம் பாத்ததில்லையே."

"வர்ற இருபத்திரண்டாம் தேதி கொண்டாடுறோம். நீங்களே வந்து கண்ணால பாருங்க."

வாயை விட்டுவிட்டேன்.

தலைமையாசிரியரிடம் போனேன். "அன்னைக்கு அரையாண்டுக் கணக்குப் பரீட்சை இருக்கே மேடம். கணக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு எங்கிட்டுக் கணக்கு நாள் கொண்டாடுறது? போன வருஷ போட்டோவையே ஏத்தி விட்டுருவோம்" என்றார். போன வருஷம் ஏற்றிய போட்டோவும் அதற்கு முந்தின வருஷத்துப் போட்டோதான். அதில் பென்சிலோடு நிற்கிற பையன் ஒருவன் இப்போது ராணுவத்தில் காஷ்மீர் பக்கம் நிற்கிறான்.

ஆகவே பரீட்சை முடிந்த பிறகு, சாயங்காலம், வெளியில் நடத்துவதென்று முடிவு செய்தேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மெயின் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மார்கழி மாதமாதலால் சும்மாதான் கிடந்தது. மேனேஜர் முகம் மலர்ந்து சாவியை எடுத்தவர், என்ன விசேஷம் என்று கேட்டதும் சாவியைத் திரும்ப மாட்டிவிட்டார்.

"தலைவர் பிறந்தநாளுக்கெல்லாம் போலீஸ் பெர்மிஷன் வேணும்மா."

"தலைவர் இல்லைங்க. கணித மேதை."

"பிளெக்ஸ் வைப்பீகளா?"

"வைப்போம்."

"படத்துக்கு மாலை போடுவீகளா?"

"போடுவோம்."

"அப்பத் தலைவர்தான்."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோதுதான் தெரிந்தது, அந்த மண்டபத்தின் மேடை ஒரு ஸ்டேஷன் எல்லையிலும் பந்தி நடக்கிற கூடம் இன்னொரு ஸ்டேஷன் எல்லையிலும் வருகிறதாம். மேடைக்காரர்கள் சாப்பாடு நடக்கிற எல்லைக்குப் போகச் சொன்னார்கள். சாப்பாட்டுக்காரர்கள், பேச்சு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பிரச்சினை வரும் என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். நான் பாதி நாளை பஸ்ஸிலேயே கழித்தேன். கடைசியில் மேடை எல்லையின் இன்ஸ்பெக்டர் சிவரஞ்சனி இரக்கப்பட்டு உட்காரச் சொன்னார். நல்ல பெண். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விசாரணையை ஆரம்பித்தார்.

"உங்க தலைவர் எந்தச் சமுதாயம்?"

"கணக்கு."

"அது நம்ம லிஸ்ட்ல இல்லையே. இந்தப் பக்கம் அவருக்கு ஆளுங்க எவ்வளவு?"

"யாரும் இல்லைங்க."

"சிலைக்குக் கூண்டு போட்டாச்சா?"

"சிலையே இல்லைங்க."

"அந்த மட்டுக்கு நிம்மதி. அப்ப யார்தான் கொண்டாடுறது?"

"நான்."

"நீங்க அவருக்குச் சொந்தமா?"

"இல்லைங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுதான் மேடம் சிக்கலே. சொந்தக்காரங்க கொண்டாடினா எங்களுக்குப் புரியும். சம்பந்தமே இல்லாதவங்க கொண்டாடினா, பின்னால யாரோ இருக்காங்கன்னு அர்த்தம்."

பின்னால் யாருமே இல்லை என்பதுதான் என் கவலை என்று நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விதியை விளக்கினார். இந்த வட்டாரத்தில் யாருடைய பிறந்த நாளானாலும் இரண்டு தரப்பையும் தாசில்தார் முன்னால் உட்கார வைத்துச் சமாதானக் கூட்டம் நடத்த வேண்டும். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி.

"எங்களுக்கு எதிர்த்தரப்புன்னு யாரும் இல்லைங்களே."

"அத நீங்கதான் ஏற்பாடு பண்ணணும் மேடம். எதிர்த்தரப்பு இல்லாம எப்படிச் சமாதானம் பண்றது?" என்றார், உண்மையான அனுதாபத்தோடு.

எதிர்த்தரப்பு எனக்குப் பிளெக்ஸ் கடையில் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வல்லரசு பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். இந்தப் பக்கத்துச் சாதித் தலைவர்களின் ஜெயந்திகள் எல்லாவற்றுக்கும் இரண்டு தரப்புக்கும் அவன்தான் பிளெக்ஸ் அடிக்கிறான், அதனால் எந்தக் கலவரத்திலும் அவன் கடைமேல் மட்டும் கல் விழுந்ததில்லை. ராமானுஜன் படத்தைக் கொடுத்தேன். உற்றுப் பார்த்தான்.

"இவரச் சுத்தி யாரு யாரு போட்டோ டீச்சர்?"

"யாரும் வேண்டாம். அவர் மட்டும்."

"தனியாவா? பாவம் டீச்சர், ஒரு ஒன்றியச் செயலாளரையாவது போடுவோம்."

படத்துக்குக் கீழே அவருடைய சமன்பாடு ஒன்றை மட்டும் போடச் சொன்னேன். அப்படியே என் கஷ்டத்தையும் சொன்னேன். அவன் உடனே சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"எதை எதிர்க்கணும் டீச்சர்?"

"கணக்கை."

"அம்புட்டுத்தானா? ஏழாங் கிளாஸ்லருந்து எதிர்த்துக்கிட்டுத்தான இருக்கேன்."

தாலுகா ஆபீஸில் எங்களை எதிரெதிராக உட்கார வைத்து, நடுவில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள். வல்லரசுவும் நானும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் வந்திருந்தோம். உள்ளே நுழைந்ததும் அவன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பழக்கம்.

தாசில்தார் எழுந்து பேசினார்.

"கணக்கு நமக்கு எவ்வளவு முக்கியம்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குக் கணக்குன்னா உயிர். என்னால அதுக்கு ஒரு கெட்ட பேர் வந்துரக் கூடாதுன்னுதான் நான் வரலாறு எடுத்துப் படிச்சேன். இந்தத் தாலுகாவுல இதுவரைக்கும் எந்தக் கணித மேதைக்கும் ஒரு சின்ன அவமரியாதைகூட நடந்ததில்லை. ஏன்? இதுவரைக்கும் யாரும் எந்தக் கணித மேதைக்கும் எதுவுமே செஞ்சதில்லை. முந்தி இருந்த அதிகாரிகள் கட்டிக் காப்பாத்திட்டுப் போன அமைதி இது. என் காலத்துல அது கெட்டுப்போகக் கூடாது. நீங்க கொண்டாடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா யாருக்கும் தெரியாமக் கொண்டாடுங்க."

பிறகு வல்லரசு பக்கம் திரும்பி, அவர்கள் தரப்புக் கோரிக்கை என்ன என்று கேட்டார். வல்லரசு கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்தான். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான் என்று நினைக்கிறேன்.

"ஐயா, பத்தாங் கிளாஸ் கணக்குல எனக்கு முப்பத்தி நாலு போட்டாக. ஒரே ஒரு மார்க்குல விட்டுட்டாக. எங்கய்யா அன்னைக்கே என்னைய மில்லுக்கு அனுப்பிட்டாரு. அதுக்கு யாரும் சமாதானக் கூட்டம் போடல."

குரல் லேசாக உடைந்துவிட்டது. தாசில்தார் நியாயமான கோரிக்கை என்று தலையாட்டி எழுதிக்கொண்டார். நடுவில் நின்ற போலீஸ்காரரும் மூக்கை உறிஞ்சினார். எனக்கே ஒரு நிமிஷம் நான்தான் ராமானுஜன் பெயரைச் சொல்லி ஊரைக் கெடுக்க வந்தவளோ என்று தோன்றியது.

நிபந்தனைகள் வாசிக்கப்பட்டன. ஊர்வலம் கூடாது. வெளியூர் வண்டி கூடாது, மம்சாபுரமும் வெளியூர்தான். எதிர்த்தரப்பைச் சேர்ந்த யாரிடமும் விழாக்குழுவினர் வாய்ப்பாடு கேட்டு மனம் புண்படச் செய்யக் கூடாது. நான் கொண்டுபோயிருந்த பிளெக்ஸை, கூட்டத்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் சிவரஞ்சனி விரித்துப் பார்த்து, சமன்பாட்டின்மேல் விரலை வைத்தார்.

"இது என்ன சொல்லுது?"

"இந்தப் பக்கம் இருக்கிறதும் அந்தப் பக்கம் இருக்கிறதும் சமம்னு சொல்லுதுங்க."

"அத எடுத்துருங்க மேடம். யாரும் யாருக்கும் சமம்னு இந்த ஏரியாவுல பிளெக்ஸ்ல போட முடியாது. இங்க பிரச்சினையே அதுதான்."

எடுத்துவிட்டேன். ராமானுஜன் தனியாகவே நின்றார்.

அதற்கப்புறம் ஆள் சேர்க்க அலைந்தேன். கணக்கு டீச்சர்கள் எல்லாரும் பேப்பர் திருத்த வேண்டும் என்றார்கள். ஓய்வு பெற்ற கணக்குப் பேராசிரியர் ஒருவர், மாலை மரியாதை எல்லாம் படத்துக்கு மட்டுமா, பேச வருகிறவர்களுக்கும் உண்டா என்று கேட்டுவிட்டு, பனியில் வெளியே வர முடியாது என்றார். பிரமுகர்கள் யாருக்கும் ராமானுஜனிடம் குறை ஒன்றுமில்லை, அவர் ஆட்களுக்கு இங்கே எத்தனை ஓட்டு என்று மட்டும் விசாரித்தார்கள். எனக்கு அசதியாக இருந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தூங்கும்போதும் பாடம் நடத்தியே ஆக வேண்டுமே, அந்த அசதி.

வல்லரசு ஒன்றும் அலையவில்லை. "கணக்கு எதிர்ப்பு அணி" என்று ஸ்டேட்டஸ் மட்டும்தான் வைத்தான். சுந்தரபாண்டியத்திலிருந்துகூட அவனுக்கு போன் வந்தது. கணக்கில் பெயிலானவர்கள், அவர்களுடைய அப்பாமார், டியூஷனில் அடி வாங்கியவர்கள் என்று ஆள் குவிந்தார்கள். இரண்டு கட்சிக்காரர்கள் ஆதரவு தெரிவித்தார்கள். என் விழாவுக்கு அனுமதித்த எண்ணிக்கையைவிட எதிர்ப்பு அணியின் வாட்ஸப் குழு பெரிதாகிவிட்டது என்று இன்ஸ்பெக்டரே போன் பண்ணிச் சொன்னார். அதனால் பந்தோபஸ்தை இரட்டிப்பாக்கினார்கள். சாப்பாட்டு எல்லை ஸ்டேஷனும் ரோஷப்பட்டு ஆள் அனுப்பியது.

இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் மெயின் ரோட்டில் வண்டிகளைத் திருப்பி விட்டார்கள். மண்டபத்து வாசலில் தண்ணீர் பீய்ச்சும் வண்டி நின்றது. தள்ளி டீக்கடைப் பக்கம் தடுப்புக்கு அப்பால் எதிர்ப்பு அணி, "வேண்டாம் வேண்டாம், அல்ஜீப்ரா வேண்டாம்" என்று கோஷம் போட்டது. மண்டபத்துக்குள் ராமானுஜன் படம், அதற்கு மாலை, தட்டு நிறையப் பால்கோவா, வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். முன் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு சின்னக்கருப்பன் உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவர்தான்.

"என்ன டீச்சரம்மா, ஆளக் காணோம்?"

"செத்த நேரத்துல வந்துருவாங்க."

முனீஸ்வரி மேடையில் சுருட்டிய சார்ட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். அன்று காலையில்தான் கணக்குப் பரீட்சை எழுதியிருந்தாள். யாரும் வர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். என்னைப் பார்த்துப் பரவாயில்லை டீச்சர் என்பதுபோலச் சிரித்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போது இன்ஸ்பெக்டர் சிவரஞ்சனி உள்ளே வந்தார். நாற்காலிகளைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன மேடம் இது? கூட்டமே இல்லாத எடத்துக்கு எதுக்கு இவ்வளவு போர்ஸ்னு மேல கேப்பாங்களே, நான் என்ன பதில் சொல்றது?" என்றவர், வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "எல்லாரும் உள்ள வாங்கப்பா. தொப்பியக் கழட்டிட்டு உக்காருங்க."

காக்கிச்சட்டைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. தனிப்பிரிவு ஏட்டு வேலுசாமி மட்டும் மேடைக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். ஜெயந்திக் கூட்டங்களில் யார் என்ன பேசினாலும் வார்த்தை விடாமல் எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது அவர் வேலை.

"ஆரம்பிம்மா," என்றார். "மெதுவாப் பேசு. தூண்டி விடுற மாதிரி ஏதாவது வந்தா முன்கூட்டியே சொல்லிரு, அடிக்கோடு போடணும்."

முனீஸ்வரி தொண்டையைச் செருமினாள். எழுதி வைத்திருந்த பேச்சைப் பேசவில்லை. காக்கிச்சட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அஞ்சு போலீஸ்காரங்க இருக்காங்கன்னு வச்சுக்கிடுங்க. அவங்களக் குழுக் குழுவாப் பிரிச்சு நிறுத்தணும். யாரு எந்தக் குழுன்னு பாக்க வேண்டாம், குழுவுக்கு எத்தன பேருன்னு மட்டும் பாத்தாப் போதும். எத்தன விதமாப் பிரிக்கலாம்?"

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அஞ்சு பேரையும் ஒண்ணா நிறுத்திரலாம்" என்றார்.

"அது ஒண்ணு."

"நாலு பேரு இங்கன, ஒருத்தன் டீக்கடைல."

சிரிப்பு எழுந்தது. "மூணு ரெண்டு" என்றார் ஒருவர். "ஆளாளுக்குத் தனித்தனியா" என்றார் இன்னொருவர். மூன்றும் ஒன்றும் ஒன்றும் வந்தது. ஒரே இடத்தில் இரண்டு பேர், மற்றவர்கள் தனித்தனி என்பதும் வந்தது. ஆறோடு நின்றுவிட்டது. முனீஸ்வரி இன்னும் ஒன்று இருக்கிறது என்றாள். அவ்வளவுதான், எழுந்து நின்று விரல்களை மடக்கிக்கொண்டு ஒருவரோடொருவர் வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே கோஷம் கூடியது. ஒரு போலீஸ்காரர் ஜன்னலுக்குப் போய், "ஏலே, சத்தம் போடாதீங்கல! உள்ள எண்ணிக்கிட்டு இருக்கோம்லா!" என்று கத்தினார். ரிட்டயராகப் போகிற ஏட்டு ஒருவர்தான் கடைசியில், "ரெண்டு, ரெண்டு, ஒண்ணு!" என்று கூவினார். கைதட்டினார்கள்.

"அஞ்சுக்கு ஏழு விதம். பத்துப் பேர்னா நாப்பத்திரண்டு விதம். நூறு பேர்னா?" முனீஸ்வரி சார்ட்டை விரித்தாள். "பத்தொம்பது கோடியே அஞ்சு லட்சத்து அறுபத்தொம்பதாயிரத்து இருநூத்தித் தொண்ணூத்திரண்டு."

"அதான் எங்க ஐயா தெனமும் டூட்டிய மாத்திக்கிட்டே இருக்காரா?" என்றார் ஒருவர் மெல்ல.

"கோடிக்குப் பொறவு என்ன சொன்னம்மா?" என்று வேலுசாமி தவித்தார். "திருப்பிச் சொல்லு. ஒண்ணு விட்டாலும் கேப்பாக."

அவள் திருப்பிச் சொன்னாள். இப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்காமலே விடைக்குப் போக, ஒரு சீமைப் பேராசிரியரோடு சேர்ந்து ராமானுஜன் ஒரு வழி கண்டுபிடித்தார் என்றாள். அவர் முப்பத்திரண்டு வயதிலேயே இறந்துபோனார் என்று சொன்னபோது, யாரும் சொல்லாமலே சிலர் எழுந்து நின்றார்கள். இத்தனை வருடத்தில் என் பாடத்தை ஒருவர் வார்த்தை விடாமல் எழுதி நான் பார்த்ததில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

முடிந்ததும் சின்னக்கருப்பன் என்னிடம் வந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"தளவாய்புரத்துக்காரககிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன் டீச்சரம்மா. பரிசம் கெடையாது."

"நெசமாவா?"

"நெசந்தான். கண்ணாரப் பாத்துட்டேம்லா. கணக்கு கெடக்கட்டும், அதுக்கு ஒரு குருவி வரல. ஆனா போலீசு எம்புட்டுன்னு பாத்தீகளா! அந்த இன்ஸ்பெக்டரம்மா ஒரு சொல்லுதான் சொன்னாக, அம்புட்டுப் பேரும் தொப்பியக் கழட்டிட்டு உக்காந்துட்டாக. இந்த ஊருல மதிப்புன்னா அதுதான். அந்தம்மாட்டயே பேசிட்டேன். பன்னெண்டு முடிச்ச ஒடனே கான்ஸ்டபிள் பரீட்சை எழுதலாமாம், பொறவு டிபார்ட்மென்ட்லயே எஸ்.ஐ. ஆயிரலாமாம். காலேசே வேண்டாம்னுட்டாக. அதுலயும் கணக்கு வருமாம்லா, அத மட்டும் நீங்க சொல்லிக் குடுத்துருங்க."

இன்ஸ்பெக்டர் சிவரஞ்சனி கையில் பால்கோவாவோடு வந்து முனீஸ்வரியைத் தட்டிக்கொடுத்தார். "இவ்வளவு மூளையக் காலேஜ்ல கொண்டுபோய் வீணாக்கலாமா மேடம்?" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

முனீஸ்வரி சார்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பரீட்சையில இது வருமா டீச்சர்?"

"வராதும்மா."

"பொறவு என்ன வரும்?"

"ரயில் பாலத்தக் கடக்கும். தனிவட்டி வரும். பத்து ஆள் ஒரு வேலைய எத்தன நாள்ல முடிப்பாங்கன்னு வரும்."

"அதெல்லாம் ஏழாங் கிளாஸ்லயே முடிச்சாச்சே."

வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு அவள் அப்பா கூப்பிட்டார். சார்ட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள். போலீஸ்காரர்கள் தடுப்பை நகர்த்தி, அவர்கள் வண்டிக்கு வழி விட்டு ஓரமாக நின்றார்கள். மம்சாபுரம் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் சின்னக்கருப்பன் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.